தம்பி பிறந்த செவ்வாய்க்கிழமை

என் தம்பி பிறந்த அன்று நான் ஒரு பெண்ணை வெறுக்கத் தொடங்கினேன். அந்த வெறுப்பு பத்து வருடங்களுக்கு மேல் நீடித்தது. இத்தனைக்கும் அவர் எங்கள் ஊரின் மருத்துவிச்சி. என்னையே இந்த உலகத்துக்கு எடுத்துவிட்டவர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அவரை யாரும் ‘அவர்’ என்று சொல்வதில்லை. ‘அவள்’தான், ‘நீ’தான். இப்போது எழுதும்போது என் கை அதற்கு இணங்க மறுக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மலாயாவில் ரயில் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்த முறை வந்து போனபோது வீட்டில் ஒரு தையல் மெஷினையும் ஒரு தம்பியையும் விட்டுப்போனார். மெஷின் முதல் நாளே ஓடத் தொடங்கியது. தம்பி ஆறுதலாக, மாதங்கள் கழித்துத்தான் வந்தான்.

அப்பா இல்லாத வீட்டை நடத்தியவர் பெரிய மாமி, அப்பாவின் மூத்த சகோதரி. மாமி எதையும் தற்செயலுக்கு விட்டுவைப்பவர் அல்ல. பஞ்சாங்கத்தைப் பார்த்து, பிள்ளை வியாழக்கிழமைக்குப் பிறகு பிறப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று முடிவு செய்திருந்தார். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அப்பாவின் பழைய வேட்டிகளைத் தோய்த்து மடித்தாயிற்று. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாயிற்று. பிள்ளைக்கு மட்டும் இந்த ஏற்பாடுகளை யாரும் அறிவிக்கவில்லை.

இவ்வளவு கவனத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பிறகு பிறந்த தங்கச்சி எட்டு நாள்தான் எங்களுடன் இருந்தாள். அவளைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காக அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பின்னி முடித்து, மற்றப் பக்கத்துக்கு மயிரை மூன்றாகப் பிரித்தவர், அப்படியே நிறுத்தினார்.

“மச்சாள், குடம் உடைஞ்சிட்டுது” என்று மாமியைக் கூப்பிட்டார்.

நான் குசினிக்கு ஓடினேன். மண்குடம் இரண்டும் பித்தளைக் குடம் ஒன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. திரும்பி வந்து, “மாமி, ஒண்டும் உடையேல்லை” என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டேன் என்று விளங்கியது. என்ன தவறு என்றுதான் விளங்கவில்லை.

மருத்துவிச்சிக்கு ஆள் போயிற்று. அவர் வெற்றிலையைக் குதப்பியபடி, கலியாண வீட்டுக்கு வருகிறவர் போல வந்தார். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ நாச்சியார். வெயில் ஏறமுந்திப் பிள்ளை வந்திடும்” என்று மாமிக்குச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நான் ஒரு பக்கப் பின்னலோடு கதவடியில் குந்தியிருந்தேன்.

கொஞ்ச நேரம் அம்மாவின் முனகலும் மருத்துவிச்சியின் தேறுதலும் மாறிமாறிக் கேட்டன. பிறகு இரண்டும் நின்றன. மருத்துவிச்சியின் குரல் வந்தது. அதில் வெற்றிலையும் இல்லை, கலியாண வீடும் இல்லை.

“பெரிய நாச்சியார், வண்டிலுக்கு ஆள் விடுங்கோ. ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்.”

“என்னடி கதைக்கிறாய்? பிள்ளை வாற நேரத்திலை என்ன ஆசுப்பத்திரி? நீ எத்தினை பிள்ளையளை எடுத்தனீ!”

“எடுத்தனான்தான். இது என்னாலை ஏலாது.”

ஏலாது என்று சொல்வதற்கா இந்த மனுசியைக் கூப்பிட்டோம்? பள்ளிக்கூடத்தில் நான் கணக்குக்கு ‘ஏலாது’ என்று சொன்னால் ரீச்சர் வாங்கின்மேல் ஏற்றி நிற்பாட்டிவிடுவார்.

இணுவிலில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். மாமிக்கு அது முப்பது மைலுக்கும் அப்பால் இருந்தது. “இந்தக் குடும்பத்திலை ஒருத்தியும் அங்கை போய்ப் பெறேல்லை. வயித்தைக் கீறுவாளவை. பேந்து எங்களை வேதக்காரராக்கிப் போடுவாளவை” என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மருத்துவிச்சி இடைமறித்தார். மாமியை அவர் இடைமறித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“நாச்சியார், நிண்டு கதைக்க நேரமில்லை. பிள்ளை உசிரோடை இருக்கு. இப்ப இருக்கு.”

அதன்பிறகு அம்மா பேசினார். மெல்லிய குரல்தான். “மச்சாள், நான் போறன்.” பிறகு என்னிடம்: “பிள்ளை, மாமாட்டை ஓடு. வண்டிலைக் கொண்டு வரச் சொல்லு.”

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தமையன். பக்கத்து வளவுதான். ஆனால் இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லை வேலி அடைத்தபோது நட்ட கதியால் தடிகள் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன என்று மாமியும், அந்தப் பக்கந்தான் நகர்ந்தன என்று மாமாவும் சொன்னார்கள். மலாயாவிலிருந்த அப்பாவும் தன் பங்குக்கு ஒரு காரமான கடிதம் எழுதியிருந்தார். நானும் மாமாவை ரோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மாமா அப்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார் என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை.

வேலியில் நாய் போய்வரும் பொட்டு ஒன்று இருந்தது. அதற்குள்ளால் புகுந்து ஓடினேன். மாமா புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசுகிற முதல் வார்த்தை என்னவாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மாமா, குடம் உடைஞ்சிட்டுது. மருத்துவிச்சி தன்னாலை ஏலாதெண்டிட்டாள்.”

மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். மாடுகளை வண்டிலில் பூட்டினார். ஒழுங்கையால் சுற்றி வந்தால் நேரமாகும் என்று, கத்தியை எடுத்து எல்லை வேலியின் கட்டுகளை வெட்டி, கிடுகுகளை இழுத்தெறிந்து, ஆறு கதியால்களைப் பிடுங்கிச் சாய்த்து, வண்டிலை நேராக எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்குப் பேச இருந்த வேலி அது. மாமி வாசலில் நின்று பார்த்தார்.

அம்மாவைப் பாயோடு தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே வெள்ளைச் சேலை போர்த்தியிருந்தது. மாமாவும், வண்டிலுக்குப் பின்னாலேயே ஓடிவந்த அவர் மனைவியும், பெரிய மாமியும் பாயைப் பிடித்திருக்க, மருத்துவிச்சி மட்டும் பாயைப் பிடிக்காமல், ஒரு கையைச் சேலைக்குள் வைத்தபடி, முதுகு வளைய ஒட்டிக்கொண்டே வந்தார். வண்டிலில் ஏற்றும்போதும் விலகவில்லை. விலகி நின்றால் மற்றவர்களுக்கு வழி கிடைக்குமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவின் இடுப்புக்குக் கீழே தலையணைகளையும் ஒரு வைக்கோல் சாக்கையும் அடுக்கி உயர்த்தச் சொன்னார். தலை பள்ளத்தில், கால் மேட்டில். நோயாளியை இப்படிக் கிடத்துகிற ஒருத்திக்கு வேலை தெரியுமா என்று நினைத்தேன்.

நான் அம்மாவின் தலைமாட்டில், அவர் கையைப் பிடித்தபடி இருந்தேன். பெரிய மாமியும் ஏறிக்கொண்டார். மாமா வண்டிலில் ஏறவில்லை. மாடுகளின் மூக்கு நாணயக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். நல்ல ரோட்டில் ஓடினார். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டியபோது உள்ளே பிள்ளைகள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மருத்துவிச்சி மாத்திரம் முழங்காலில் நின்றபடி அசையவில்லை. கண்ணை மூடி, காதால் எதையோ கேட்பவர் போல இருந்தார். இடையிடையே, “இருக்கு நாச்சியார், துடிப்பு இருக்கு. முக்காதேங்கோ, முக்காதேங்கோ” என்பார். ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, கண்ணுக்குள்ளை வேர்வை விழுகுது. ஒருக்கால் துடைச்சு விடுறியளே?”

நான் கேளாதவள் போல ரோட்டைப் பார்த்தேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது என்று நினைத்தேன். அது சும்மா இருக்கவில்லை. வண்டிலின் குலுக்கலில் விழாமல் இருக்கச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அதோடு, அவரது சாதியாரைத் தொடக்கூடாது என்றும் எனக்குப் பழக்கியிருந்தார்கள். பழக்கியவர் பெரிய மாமி. அதே மாமி எட்டித் தன் சேலைத் தலைப்பால் மருத்துவிச்சியின் நெற்றியையும் கண்களையும் கழுத்தையும் துடைத்துவிட்டார். பிறகு இணுவில் வரும்வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா போட்ட சத்தத்தில் இரண்டு நேர்ஸ்மார் ஓடிவந்தார்கள். பின்னாலேயே வெள்ளைக்கார டொக்டர் அம்மா வந்தார். சேலையைச் சற்றே தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. புத்தகத்தில் படித்த தமிழில் மருத்துவிச்சியிடம் சொன்னார்:

“கையை எடுக்க வேண்டாம். நீங்கள் அப்படியே என்னோடு வாருங்கள்.”

எங்கள் ஊரில் யாரும் அவருக்கு ‘நீங்கள்’ என்றோ ‘வாருங்கள்’ என்றோ சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். மருத்துவிச்சியும் வளைந்தபடியே உடன் போனார். அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

விறாந்தையில் மாமா ஒரு தூணடியிலும் மாமி ஒரு தூணடியிலும் இருந்தார்கள். மாமி இணுவில் கந்தசாமியாருக்கு அபிஷேகம் நேர்ந்தார். அது போதாதென்று பட்டதோ என்னவோ, சுவரில் தொங்கிய யேசுநாதரின் படத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பசித்தது, பசிப்பது பாவம் என்று நினைத்து அழுதேன்.

நேர்ஸ் வந்து, “ஆம்பிளைப் பிள்ளை. தாய்க்கும் சுகம்” என்றார். மாமா எழுந்து விறுவிறென்று மாடுகளிடம் போய், அவற்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமி கும்பிட்ட கையை இறக்காமலே, மாமா நின்ற பக்கம் பார்த்து என்னிடம், “போய்க் கொம்மானைக் கூட்டிவா. பிள்ளையை முதல் அவர்தான் பாக்கவேணும்” என்றார்.

பிறகு மருத்துவிச்சி வெளியே வந்தார். நேர்ஸ் அவருக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அவர் அதைப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்தார். கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிய வலக்கை கிடுகிடுவென்று நடுங்கிற்று. தேத்தண்ணீர் மடியில் ஊற்றுண்டது. கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவர் இடக்கையால் வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். டொக்டர் அம்மா வந்து மாமியிடம், “இந்த அம்மாள் மிகவும் நல்ல வேலை செய்தார்கள். இவர்களால் பிள்ளை பிழைத்தது” என்றார். வெள்ளைக்காரிக்குத் தமிழ் சரியாக வராது, ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். ஏலாது என்று கைவிட்டவள், வெள்ளைக்காரியைக் கண்ட பயத்தில் கோப்பையை உடைத்தவள் — இதுதான் நான் வீட்டுக்குக் கொண்டுபோன மருத்துவிச்சி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அவர் வந்தபோது மாமி புதுச்சேலையை நிலத்தில் வைக்காமல் கையிலேயே கொடுத்தார். நான் அறைக்குள் போய் இருந்துகொண்டேன். பிறகும் தெருவில் கண்டால் விலகித்தான் போவேன்.

எனக்குத் தலைப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் பிறந்தது. வீட்டில் படுத்திருந்த ஒரு பின்னேரம், அம்மா பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் பூசிக்கொண்டே அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். தலைக்கு முன்னால் கொப்பூழ்க்கொடி இறங்கிவிட்டதாம். தலை வந்து அதை நசித்தால் பிள்ளைக்கு இரத்தம் ஓடாது. மருத்துவிச்சி விரல்களால் தலையை உள்ளே ஏந்தித் தூக்கி, கொடி நசியாமல், அதில் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மூன்று மைலும் வந்தாராம். டொக்டர் வயிற்றைக் கீறிப் பிள்ளையைத் தூக்கிய பிறகுதான் கையை எடுக்கச் சொன்னாராம்.

“அவளின்ரை கை உனக்குத் தெரியேல்லையே? நீ பக்கத்திலைதானே இருந்தனீ” என்று அம்மா கேட்டார்.

உடம்பு தேறியதும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண் மங்கி, தொழிலை விட்டிருந்தார். யாருடைய மகள் என்று சொன்னதும், “தம்பி படிக்கிறாரோ?” என்றுதான் முதலில் கேட்டார். நான் வந்த காரணத்தைச் சொல்லத் தெரியாமல் அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார்.

“அண்டைக்கு வண்டிலுக்குள்ளை என்னை முழுசிக்கொண்டு இருந்தனீங்கள். தாயிலை வைச்ச பாசத்தாலை எண்டு நினைச்சன். ஒண்டும் பிழையில்லைப் பிள்ளை.”

பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். அது அவருடைய விரலைப் பற்றிக்கொண்டது.

‘என்னாலை ஏலாது’ என்று அவர் சொன்ன அந்த நேரத்திலேயே, என் தம்பியின் தலை அவர் விரல்களில்தான் இருந்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சொல் மட்டுந்தான் கேட்டது.