பச்சை வீட்டுக் கொடி

ஆகஸ்ட் வந்தால் எல்லோருக்கும் நாட்டுப்பற்று வரும். கொடி தைப்பவர்களுக்குக் கூடவே கழுத்துவலியும் வரும். கோல சிலாங்கூரில் ஒரு கொடிக்கடையில் இருபத்திரண்டு வருடங்களாகத் தையல்காரியாக இருக்கிறேன். மிஷினில் குனிந்தே முதுகைத் தொலைத்த தோழிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

பதினாலு கோடு

வேலைக்குச் சேர்ந்த புதிது. தேசியக் கொடியில் பதினாலு கோடு. பதின்மூன்று மாநிலங்களுக்கு ஒவ்வொன்று, கூட்டரசுக்கு ஒன்று. மேலே சிவப்பில் தொடங்கிக் கீழே வெள்ளையில் முடியவேண்டும். நான் தைத்தது சிவப்பில் தொடங்கிச் சிவப்பிலேயே முடிந்தது. பார்டர் வைத்த சேலை மாதிரி எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. மடித்து உறையில் போட்டுவிட்டேன்.

கடை முதலாளி குணா அண்ணன் எதையும் விரித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். விரித்தார், விரல் வைத்து எண்ணினார், மறுபடியும் எண்ணினார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பதிமூணுதான் இருக்கு. எந்த ஸ்டேட்டும்மா உனக்குப் பிடிக்கல?"

ரிலேக்கு ஆள்

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் வருடந்தோறும் சாந்தி டீச்சர் கொடி வாங்க வருவார். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு வீடாகப் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு கொடி. நான் பச்சை வீடு. ஓட்டத்தில் எப்போதும் கடைசி. ஆனால் அணிவகுப்பில் கொடியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நடப்பேன். அந்தப் பெருமை அப்புறம் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்து ஜனங்கள் டவுன் பக்கம் போகப் போகப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. ஒரு வருடம் டீச்சர் மூன்று கொடிதான் கேட்டார். பச்சை இல்லை. ஏன் டீச்சர் என்றேன். பச்சைத் துணிக் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மொத்தமே பதினஞ்சு பிள்ளைங்க. நாலா பிரிச்சா ரிலேக்கு ஆள் பத்தல லா."

சேவலின் முதுகு

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு முருகன் கோயில் தலைவர் சேவல் கொடி வாங்கிப் போனார். மறுநாளே கொடியோடு திரும்பி வந்தார். சேவல் சுவாமிக்கு முதுகைக் காட்டுகிறதாம். கொடியில் கம்பத்தில் கட்டும் பக்கத்தை எங்கள் கடையில் கம்பத்தோரம் என்போம், பறக்கும் பக்கத்தைக் காற்றோரம் என்போம். சேவலைக் கம்பத்தோரம் பார்த்தபடிதான் தைப்போம். காற்று மாறினால் கொடி மறுபக்கம் போகும், சேவலும் திரும்பிவிடும். நான் என்ன செய்வது?

துணி அளக்கிற கம்பில் கட்டிச் சுற்றிக் காட்டினேன். தலைவர் தாமும் வாங்கி மூன்று சுற்று சுற்றினார். எந்தப் பக்கம் போனாலும் சேவல் கம்பத்தையேதான் பார்த்தது. கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப தப்பு காத்து மேலதான். கமிட்டி மீட்டிங்கில இத நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

ஒரு வாரக் கொடி

செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டும் முத்துவுக்கு லோரியில் கட்ட நான் தைக்கும் கொடி ஒரு வாரம்கூடத் தாங்காது. காற்றோரம் நாராகத் தொங்கும். இரட்டைத் தையல் போட்டுப் பார்த்தேன், அதுவும் போயிற்று. லோரியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். "மழையில நெல்லு நனைஞ்சா என்னைய ஏசுவாங்க. கொடி கிழிஞ்சா நீங்கதானக்கா தைக்கப் போறீங்க!"

மறுபடியும் பச்சை

டீச்சர் கேட்ட மூன்று கொடி பிறகு இரண்டானது. அடுத்த வருடம் டீச்சர் வரவே இல்லை. விளையாட்டுப் போட்டி மாதமும் கடந்தது. போன் போட எனக்குப் பயம். பள்ளியை மூடிவிட்டார்கள் என்று அவர் வாயால் கேட்கத் தைரியமில்லை. பச்சைத் துணி அலமாரியில் சும்மா கிடந்தது. விற்றுவிடு என்று குணா அண்ணன் சொன்னபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன்.

இந்த வருடம் ஒரு காலையில் கடை வாசலில் டீச்சர். பள்ளியை மூடவில்லையாம், புக்கிட் பெருந்துங் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்களாம். தோட்டங்களை விட்டுப் போன குடும்பங்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. வகுப்பு நிறையப் பிள்ளைகளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எத்தனை கொடி என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார்: "நாலும் வேணும். பச்சைய முதல்ல தையி. உன்னைய மாதிரி கடைசியா ஓடி வர்றதுக்கு இப்ப நெறைய ஆள் இருக்கு."

தேசியக் கொடியை மூன்று முறை எண்ணி மடிக்கும் நான், ஒரு கோடுகூட இல்லாத அந்தப் பச்சைக் கொடியை ஏன் பத்து முறை விரித்துப் பார்த்தேன் என்று குணா அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.