கடைசி உத்தரவு

கப்பலில் எஞ்சின் அறை வேலை எனக்கு. துறைமுகம் நெருங்கும்போது மேலிருந்து 'ஸ்டாண்ட் பை' என்று உத்தரவு வரும். உடனே எல்லோரும் எஞ்சின் அருகே தயாராக நிற்க வேண்டும். மனைவியோடு போனில் பேசும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் பாதியில் வைத்துவிடுவேன்.

இந்த லீவில் இருவரும் கிரிவலம் போனோம். சாயங்கால மஞ்சளில் மலை, நங்கூரம் போட்ட கப்பலைப் போல நின்றது. கடலை விட்டு வந்தும் வெறுங்காலுக்கு அடியில் சாலை இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் தான் கண்ட ஒரு கனவைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடி அண்ணாமலை தாண்டியதும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஸ்டாண்ட் பையா? பேசுங்க, நான் அப்புறம் சொல்றேன்."

குரலில் துளி கோபமில்லை. அதுதான் என்னை உலுக்கியது. போனை அணைத்தேன்.

"இல்ல. ஃபினிஷ்ட் வித் எஞ்சின்."

"அப்டின்னா?"

"கப்பல கரையில கட்டியாச்சு, இனிமே எஞ்சின் வேணாம்னு மேலேருந்து வர்ற கடைசி உத்தரவு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இப்படி ஒரு வார்த்த இருக்குதுன்னு இத்தன வருஷமா எனக்குச் சொல்லவே இல்லியே நீங்க."

பிறகு கனவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசல்வரை கடல் வந்ததாம். கப்பலும் வந்து நின்றதாம். நான் மட்டும் இறங்கவே இல்லையாம்.