கரடிக்கு ரெண்டாம் ஷிஃப்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்ற புத்தக வேனுக்கு முன்னால் அன்றைக்கு நாங்கள் மூன்று பேர். நான், என்னைப் பெற்ற அய்யா, அய்யாவின் தோளில் என் மூன்று வயது மகள். என் மனைவி வரவில்லை. ராஜபாளையத்தில் மில்லில் இருந்தாள். அவள் பதிலி, நிரந்தர ஆள் லீவு போட்டால்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்கமாட்டார்கள், கூப்பிட்டால் போக வேண்டும். என் அம்மாவும் இல்லை. மகள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா இருந்திருந்தால் நாங்கள் புத்தக வேனைத் தேடி பஸ் ஏறியிருக்க மாட்டோம்.

விஷயம் இதுதான். அதுவரை என் மனைவிக்குக் காலை ஷிஃப்ட் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் ரெண்டாம் ஷிஃப்ட், மறுவாரம் காலை, மாறி மாறி வரும், ரெண்டாம் ஷிஃப்ட் என்றால் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு விடும், முடியாதென்றால் பேரை எடுத்துவிடுவோம் என்று. நூல் சுற்றும் வைண்டிங்கில் அவள் கை வேகம் எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பெர்மனென்ட் ஆகிவிடலாம். ஆனால் எங்கள் மகள் அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். எட்டு மணிக்குக் காது வேண்டும். அந்தக் காது பத்தரைக்குத்தான் வீடு வரும்.

அய்யாவின் காதைக் கொடுத்துப் பார்த்தோம். "இது முடி முடியா இருக்கு" என்று தள்ளிவிட்டாள். என் காதுக்கும் அதே மரியாதைதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். எனக்கு யாரும் கதை சொல்லித் தூங்கவைத்ததில்லை. அய்யா பஞ்சு குடோனில் பேல் மூட்டை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். அம்மா மடியில் தீக்குச்சி அடுக்குகிற தீப்பெட்டிக் கட்டை இருக்கும், பிள்ளைக்கு இடம் இருக்காது. நாங்கள் தானாகத் தூங்கினோம். அதனால் பிள்ளைக்குக் கதை சொல் என்றால் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் எந்தக் கஷ்டத்துக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தில் பதில் இருக்கும் என்று நம்பினேன். படித்தவன் வேறு எதை நம்புவான்?

வேன்காரர் இளவயதுக்காரர். பிள்ளையின் வயதைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். பனி கொட்டும் ஏதோ தேசத்தில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகம். அட்டையில் ஒரு தாய்க்கரடி, அதன் வயிற்றில் சாய்ந்து ஒரு குட்டி. மகள் தோளிலிருந்து சரிந்து இறங்கி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அய்யா பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியும்.

"என்ன தம்பி, ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிதான் போட்டிருக்கு. மிச்சத் தாள் பூராம் வீணாப் போச்சே."

"படம் இருக்குல்ல பெரியவரே. விலையே படத்துக்குத்தான்."

"படத்துக்கா? சிவகாசிப் பக்கம் இருந்துக்கிட்டு படத்துக்குக் காசு கொடுக்கவா? மளிகைக் கடையில காலண்டரே சும்மா தாரான்."

வேன்காரர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அய்யா பக்கம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கும் அதே கணக்குதான் ஓடியது. புத்தகம் என்றால் எழுத்து. எழுத்து நிறைய இருந்தால் நல்ல புத்தகம். கரடியைவிட விலை குறைவாக, நீதிக் கதைகள் என்று ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பொடி எழுத்து, படமே கிடையாது, இருநூறு பக்கத்துக்கு மேல். அய்யா அதைக் கையில் வைத்து எடை பார்த்தார், பேல் தூக்கிய கை.

"இது புத்தகம்" என்றார்.

மகளின் கையிலிருந்து கரடியைப் பிடுங்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அவள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

திங்கட்கிழமை இரவு நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். பாயில் உட்கார முடியாது, ஏனென்றால் அய்யாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நகர விடமாட்டார். கால் நீட்டிப் படுக்கிற பாயில் புத்தகம் வரவே கூடாது. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். அதனால் நான் மேலே, மகள் கீழே. பேராசை பெருநஷ்டம் என்று ஒரு கதையை முழுசாக வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடுதான் வாசித்தேன். தூங்கியது அய்யா.

மகள் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. என் மனைவி தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிட்டது. உள்ளே வந்தவள் கைகால்கூடக் கழுவாமல் பாயில் விழுந்து காதைக் கொடுத்தாள். ரெண்டு நிமிஷத்தில் மகள் தூங்கிப்போனாள். இருட்டில் மனைவி சொன்னாள்:

"இந்த வாரம் பாப்போம். இப்படியே அழுதான்னா சனிக்கிழமை கணக்கு முடிச்சுட்டு நின்னுக்கிடுதேன்."

"அவசரப்படாத."

"நீங்க இங்கன இருந்து கேக்கீங்க. நான் தெருவுல நடந்து வரயில கேக்கேன்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்கு ஓடினேன். வேன்காரர் கரடியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "பாப்பா வருவான்னு தெரியும். அப்பா வருவாருன்னுதான் சந்தேகமா இருந்துச்சு" என்றார்.

சாயங்காலம் மகள் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாய்க்கு நடந்தாள். அய்யா குறுக்கே நின்றார்.

"பாயில கூடாது தாயி."

"கரடிக்குத் தூக்கம் வருது."

"கரடி தூங்கட்டும். புத்தகம் தூங்கக் கூடாதுல்லா."

மகள் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அய்யா, இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்களேன்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு அட்டையில் கோத்த கிளிப்புகள் இருந்தன, துணி காயப்போடுகிற கிளிப். பாய்க்கு நேர் மேலே சுவருக்குச் சுவர் கட்டியிருந்த கொடியில் என் சட்டையையும் துண்டையும் தள்ளிவிட்டு, புத்தகத்தை விரித்துத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் கிளிப் போட்டார். மல்லாந்து படுத்தால் கரடி நேரே கண்ணுக்கு எதிரே தெரிந்தது.

"இப்பப் படிலே. காலும் படாது, கையும் படாது."

கைக்கு எட்டாத கரடியைப் பார்த்து மகள் மலைத்துப்போனாள். அழக்கூட மறந்துவிட்டாள். நான் பக்கத்தில் படுத்து வாசித்தேன். குளிர்காலம் வரப் போகிறது, தாய்க்கரடி படுக்கைக்குச் சருகு பொறுக்கப் போகிறது, பனி பெய்கிறது, திரும்பி வருகிறது, குட்டியை அணைத்துக்கொண்டு வசந்தம் வரும்வரை அதை விட்டு நகராமல் தூங்குகிறது. அவ்வளவுதான் கதை. பக்கம் மாற்ற ஒவ்வொரு முறையும் எழுந்து கிளிப்பைக் கழற்றி மாட்டினேன். "விட்டு நகராமல்" என்று வாசித்ததும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

அன்றைக்கும் அழுகைதான். ஆனால் முந்தின நாள் அளவு நீளவில்லை.

புதன்கிழமை நானாக வாசிக்க ஆரம்பிப்பதற்குள் அவள் படத்தைக் காட்டினாள். தாய்க்கரடி தனியாக முதுகைக் காட்டி நடந்துபோகிற படம். சுற்றிலும் வெள்ளை.

"அப்பா, பஞ்சு."

"பஞ்சில்ல, பனி" என்று சொல்ல வாயெடுத்தேன். பனி என்றால் அவளுக்கு என்ன தெரியும்? எனக்கே என்ன தெரியும்? மார்கழியில் வைக்கோல் படப்பில் ஈரம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பஞ்சு அவளுக்குத் தெரியும். அம்மாவின் தலையில், புருவத்தில், ஜாக்கெட் தையலில் தினமும் ஒட்டிக்கொண்டு வருவது அதுதான்.

நான் கோர்ட்டுக் காகிதம் அடிக்கிறவன். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அச்சில் இருப்பதை மாற்றிச் சொன்னதே கிடையாது. பாடப் புத்தகத்தில் அச்சுப் பிழை இருந்தால்கூடப் பிழையோடு மனப்பாடம் செய்தவன் நான். அன்றைக்கு அந்த ரெண்டு வரியைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஆமா, பஞ்சுதான். கரடி மில்லுக்குப் போகுது. ரெண்டாம் ஷிஃப்ட்."

மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தூக்குவாளி எங்க?"

"மரத்துக்குப் பின்னாடி வச்சிருக்கு."

"என்ன சோறு?"

"புளிச்சோறு. தொட்டுக்கத் துவையல்."

திரும்பவும் படுத்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் குட்டி தனியாகக் குகையில் இருந்தது. "அது அழுகுதா?" என்றாள். அழவில்லை, அதன் தாத்தா பக்கத்தில் இருக்கிறார், படத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் தெரியவில்லை என்றேன். இருட்டிலிருந்து அய்யா செருமினார். அடுத்த படத்தில் கரடி உடம்பெல்லாம் வெள்ளையாக வாசலில் நின்றது. "மில்லுச் சங்கு ஊதிருச்சு. கரடி வந்திருச்சு. தலையெல்லாம் பஞ்சு. குட்டி கண்ணை மூடியிருந்தாத்தான் கரடி உள்ள வரும்" என்றேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. புரட்டத் தேவைப்படவும் இல்லை. சங்கு ஊதியபோது எங்கள் வீட்டில் முழித்திருந்தது நானும் அய்யாவும்தான்.

என் மனைவி அன்றைக்கு ஓடி வந்திருக்கிறாள். சத்தமே இல்லாததால் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்க வாசலில் நின்றவள் கொடியில் தொங்கும் புத்தகத்தைப் பார்த்தாள், தூங்குகிற மகளைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"புத்தகத்துல போட்டிருக்கதச் சொல்லாம, படிச்ச ஆளு பொய் சொல்லலாமா?"

"படத்துல போட்டிருக்கதத்தான் சொன்னேன்."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய் கரடி வைண்டிங்கில நிக்குதுன்னு சொல்லப் போறா."

"சொல்லட்டும். உன்னையவிட வேகமா நூல் சுத்துதான்னு கேப்பாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைமுடியில் இருந்த பஞ்சை உதறப் போனவள் நின்றாள். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். காலையில் மகள் கையைத் திறந்து பார்த்துவிட்டு அய்யாவிடம் ஓடினாள். "தாத்தா, கரடி வந்துட்டுப் போயிருக்கு."

சனிக்கிழமை என் மனைவி கணக்கு முடிக்கவில்லை. அதற்கடுத்த ரெண்டாம் ஷிஃப்ட் வாரமும் போனாள், அதற்கடுத்ததும். பஞ்சு தினமும் வந்தது. "மில்லு கேட்டுல சோதிக்கையில கையில பஞ்சு இருந்தா கரடிக்குன்னா சொல்லுவேன்?" என்று கேட்பாள், ஆனால் கொண்டைக்குள் ஒரு சிட்டிகை எப்போதும் இருக்கும். கரடியும் வளர்ந்தது. சூப்பர்வைசரோடு சண்டை போட்டது, தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக் குட்டிக்குக் கவுன் எடுத்தது. என் மனைவியோடு வேலை பார்த்த ஒரு பெண், தன் பயலைத் தூங்கவைக்க முடியவில்லை என்று வீட்டுக்கே வந்து, "அந்தக் கரடியை எங்க வீட்டுக்கும் ஒரு வாரம் அனுப்பி வையுங்களேன்" என்று கேட்டாள். அனுப்பினோம், கிளிப்போடு. திரும்பி வந்தபோது, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்கு, அந்தக் கரடிக்கு மூன்று குட்டி ஆகியிருந்தது.

தடிப் புத்தகமும் வீணாகவில்லை. மகள் தூங்கிய பிறகு, சங்கு ஊதும்வரை நானும் அய்யாவும் சும்மாதானே இருக்கிறோம்? ஒரு நாள் அவரே அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். "இதைச் செத்த நேரம் படி, கேப்போம்." அவரும் கதை கேட்காமல் வளர்ந்தவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படமில்லாத அந்தப் புத்தகம் முழுவதையும் அவருக்கு வாசித்தேன். எழுத்து எழுத்தாக, ஒன்றைக்கூட மாற்றாமல்.

இப்போது மகள் ரெண்டாம் வகுப்பு. அவளுக்குப் புத்தகம் எடுக்கப் போனால் எழுத்தை எண்ணுவதில்லை. படத்துக்கு வெளியே எங்கள் ஆள் ஒருவர் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

மகள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பு, மில்லில் பெர்மனென்ட் ஆக்கிய அன்று, என் மனைவி காலை ஷிஃப்ட் முடிந்து வெயிலோடு வந்து வாசலிலேயே சொல்லிவிட்டாள். மாதச் சம்பளம், லீவு, வைப்பு நிதி எல்லாம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வேலை அதுவரை யாருக்கும், எனக்கும்கூட, கிடைத்ததில்லை. அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொடியில் தொங்கிய கரடியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, இதுக்கெல்லாம் மொத்தம் எம்புட்டு ஆச்சு நமக்கு?"

தடிப் புத்தகம் ஒன்பது ரூபாய். கரடி பன்னிரண்டரை. கிளிப் ரெண்டு ரூபாய். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அவருக்கும் பஸ் போக வர ஐந்து ரூபாய். கூட்டிச் சொன்னேன்.

இருபத்தெட்டரை ரூபாய்.