சம்மட்டி வண்டியின் இன்ஜின்

அவளைச் சம்மட்டி என்று முதலில் கூப்பிட்டவன் டீசல் திருட வந்தவன். கூப்பிட்டானா, அலறினானா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. அவள் வேனுக்கு அடியில் குழாயும் கேனுமாகப் படுத்திருந்தவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் தோளில் ஒன்று போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் தன் கடைவரை கேட்டது என்று முனைக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார். அவருக்குக் காது மந்தம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "பொம்பளையா இது, சம்மட்டி!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு அவன் போனான். டீசல் மிஞ்சியது, பெயரும் மிஞ்சியது.

வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் அவளுக்கு. அப்பன் பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் தம்பியை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்று வாங்கியவள். வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதை அப்பன் போன பிறகு அந்தத் தம்பியிடமே செலவழித்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டானா, பளார். சிகரெட் வாசனையா, பளார். இப்போது அவனுக்கு நாற்பது வயது, தலையில் பாதி வழுக்கை, சொந்தமாக ஒர்க்‌ஷாப். வழுக்கை வந்ததில் அவளுக்குக் கூடுதல் வசதி.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அவள் கைக்கு முதல் பாதிதான் தெரியும். இரண்டாவது பாதியைச் சாப்பாட்டு டப்பா பார்த்துக்கொண்டது. மஞ்சள் பூப்போட்ட நீல பிஸ்கட் டப்பா ஒன்றில் எதையாவது கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவாள். கொடுத்துவிட்டு, "இளைச்சுப் போயிட்டியேடா" என்று முதுகில் ஒன்று வைப்பாள். சாப்பிட்டது தொண்டையிலிருந்து வெளியே வந்துவிடும்.

அவளிடம் அடி வாங்காத ஒரே ஆள் அவள் புருஷன். கல்யாணமான மறுநாளே அந்த மனுஷன் சொல்லிவிட்டார்: "என்னை அடிச்சா நான் திருப்பி அடிக்க மாட்டேன். சமைக்க மாட்டேன், அவ்வளவுதான்." அவர் கைச்சமையலுக்கு அந்த வீட்டில் அப்படி ஒரு மரியாதை.

ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைச் சலவைக்கூடத்துக்கும், வெளுத்ததைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அவள் ஓட்டுவாள். அவர் மூட்டை கட்டி ஏற்றிவிட்டு இடப்பக்க சீட்டில் உட்காருவார். அது பழைய வேன். இன்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். குளிர் நாளில் அந்த மூடிமேல் காலைப் போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்குவார்.

அதனால் தட்டலை முதலில் கேட்டவர் அவர்தான். காதால் அல்ல, குதிகாலால்.

"ஏம்மா, கீழே யாரோ கதவைத் தட்டுறாங்க."

"தட்டுனா திறக்காதே."

"வேகம் எடுத்தா வேகமா தட்டுறாங்க."

அவள் மூடியின்மேல் ஓங்கி ஒரு குத்து விட்டாள். தட்டல் நிற்கவில்லை.

தம்பி நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான். இடம் மாற்றி வைத்துக் கேட்டான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"என்னடா, சரி பண்ணலாமா, இன்ஜினையே மாத்தணுமா?"

"அக்கா, மாத்துறதுதான்..."

பளார் என்று விழுந்தது. கண்ணாடி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய குழிக்குள் போய் விழுந்தது.

"மாத்தணுமாம்! ஒரு வாரம் வண்டி நிக்கும். அந்த வெள்ளை வேன்காரன் ஆஸ்பத்திரி வாசல்லயே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். ஒரு நாள் நான் போகலைன்னா மறுநாள் என் மூட்டை அவன் வண்டியில இருக்கும். அப்புறம் நான் உன் வீட்டு வாசல்லயா வந்து உட்காரட்டும்? இப்ப சொல்லு. சரி பண்ணலாமா, மாத்தணுமா?"

தம்பி குழிக்குள் இறங்கிக் கண்ணாடியைத் தேடினான். அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது. "சரி பண்ணிடலாம்க்கா."

மறுநாள் காலையில் வண்டி தயாராக நின்றது. தட்டல் காணாமல் போயிருந்தது. "பாத்தியா, ஒரு அறையில வேலை தெரிஞ்சிடுச்சு" என்று அவள் புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள். அவர் மூடிமேல் காலை வைத்துப் பார்த்தார். கதவு தட்டவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை.

சலவைக்கூடத்தில் வெளுத்த ஈரத்துணி பாரத்தோடு மேம்பாலம் ஏறியபோது நடந்தது அது. முதலில் ஒரு தட்டு. அடுத்தது வெடி. பிஸ்டனைப் பிடித்திருந்த இரும்புக் கம்பி ஒடிந்து, இன்ஜினின் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. தகர மூடி எகிறிக் கூரையில் மோதி அவர் மடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே கொதிக்கிற ஆயில் வந்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கறுப்பாக அப்பிக்கொண்டது. அவர் கத்திய கத்தலை அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டதில்லை.

புகையில் வண்டியின் முன்கண்ணாடிகூடத் தெரியவில்லை. வண்டி பின்னால் உருண்டது. இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னால் வந்த லாரியின் முன்பக்கப் பம்பர் வேனின் பின்கதவைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து, துணி மூட்டையில் புதைந்து நின்றது. அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து ரோட்டில் போட்டாள். ஈரப் படுக்கைவிரிப்பை உருவிக் காலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள். திரும்பி வந்து மிச்சத்தைச் சுற்றினாள். மூக்கில் ரத்தம் ஒழுக, அந்த லாரிக்காரன்தான் இருவரையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டான். நல்ல மனுஷன்.

தோல் உரிந்த காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் படுத்திருந்த விரிப்பு, முந்தின நாள் இவர்களே சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்து இறக்கியது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டிருந்தார்கள். தம்பியைக் காணவில்லை. அவள் மண்டி போட்டு இன்ஜினுக்குள் கையை விட்டாள். ஒடிந்த கம்பியின் பாதி வந்தது. நசுங்கிய பேரிங் வந்தது. பேரிங்கின் முதுகில் மெல்லிய தகரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குள் இருக்க வேண்டிய சாமான் அல்ல அது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் நீலம்.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒர்க்‌ஷாப் அலமாரியில், திருகாணிகள் போட்டு வைத்திருந்த டப்பாவின் மூடியில் நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மஞ்சள் பூவில் பாதியைக் காணவில்லை. அவள் சோறு கட்டிக் கொடுத்த டப்பா.

தேய்ந்துபோன பேரிங்குக்கு அடியில் தகரத்தைத் திணித்துத் தட்டலை அடக்கியிருக்கிறான். அவளுக்கு அது புரிவதற்குள் கை ஸ்பேனரை எடுத்துவிட்டது.

"எங்கடா இருக்கே?"

குழிக்குள் இருந்தான். ஸ்பேனரைக் குழிக்குள் வீசினாள். அது அவன் காதை உரசிச் சுவரில் பட்டுத் தெறித்தது. பின்னாலேயே அவளும் குதித்தாள். அந்தக் குழிக்குள் ஓட இடமில்லை. சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினாள். அறைந்தாள். குத்தினாள். உதடு கிழிந்தது. "அந்த மனுஷன் கால் வெந்து கிடக்குடா! என் டப்பாவை வெட்டி என் புருஷன் காலை வெட்டியிருக்கியேடா, பாவி!"

அவன் குறுக்கே கை வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாங்கிக்கொண்டே இருந்தான். திடீரென்று அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். ஸ்பேனர் பிடித்துத் தேறிய கை, விடவில்லை. அவனிடம் அவ்வளவு பலம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"நிஜத்தைச் சொன்னேன், அடிச்சே. பொய் சொன்னேன், அடிக்கிறே. ரெண்டுக்கும் அடின்னா பொய்தானேக்கா லாபம்? அடி கொஞ்ச நாள் தள்ளியாவது போகுதே!" உதட்டிலிருந்து வழிந்த ரத்தம் அவள் கையில் சொட்டியது. "அது மாத்த வேண்டிய இன்ஜின்னு கேட்டதுமே எனக்குத் தெரியும். 'மாத்து'ன்னு வாயைத் திறந்தேன். மிச்சத்தை எங்க சொல்ல விட்டே?"

அவன் கையை விட்டான். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அது எங்கே போவது என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் அவள் குழியின் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப சொல்லு. உடைஞ்ச இடத்தைப் பத்தவச்சு ஓட்டலாமா, மாத்தணுமா?"

தம்பி அவள் கை இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "பத்தவைக்கலாம். நாளைக்கே ஓடும். ஒரு மாசம் ஓடும். அப்புறம் மாமாவோட இன்னொரு காலையும் எடுத்துக்கும்."

"மாத்தினா?"

"பழைய வண்டி உடைக்கிற இடத்துல மூஞ்சி நசுங்கின வேன் ஒண்ணு கிடக்கு. ஓட்டின ஆள் பிழைக்கலை. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. காதை வச்சுக் கேட்டுட்டேன். அதை எடுத்து இதுல வைக்க ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரத்துல வெள்ளை வேன்காரன் உள்ளே வந்துடுவான்."

"வரலாம்க்கா. வர மாட்டான்னு நான் பொய் சொல்லவா?"

தொடைக்கடியில் விரல்கள் அசைந்தன. அழுத்திக்கொண்டாள். மேம்பாலத்தில் புருஷன் கத்திய அந்தக் கத்தல் இன்னும் காதிலேயே இருந்தது. வேலை போனால் வேறு வேலை, சண்டை போட்டாவது வாங்கலாம். அந்தக் கத்தலை இன்னொரு தரம் கேட்க அவளால் ஆகாது.

"மாத்து" என்றாள்.

தம்பி நம்பவில்லை. "மாத்தவா?"

"காது கேக்கலையா? மாத்துடா."

சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். ஒரு எட்டு பின்னால் போனான். "இன்னொண்ணு இருக்குக்கா."

"என்ன?"

"பிரேக். அதுவும் ஆறு மாசமா சரியில்லை. மேம்பாலத்துல ஹேண்ட்பிரேக் பிடிச்சது உன் கைபலத்துலதான், அது பலத்துல இல்லை."

கை தொடைக்கடியிலேயே இருந்தது. கால் போனது. முழங்காலுக்குக் கீழே, எலும்பில் சரியாக விழுந்தது. தம்பி ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே குழியின் மறுகோடிக்குப் போனான்.

"கையைத்தானே கட்டிவச்சேன்" என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவன் காலைத் தேய்த்தான். எட்டாத தூரமா என்று கண்ணால் அளந்தான்.

"இன்னும் ரெண்டு இருக்கு. சொல்லவா?"

அவள் காலையும் மடக்கி அடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு."