விலைக்காகச் சொன்னது

2023ஆம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்து வந்த சனிக்கிழமை. எதற்கும் நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த நாளை மட்டும் எங்கும் குறிக்கவில்லை; அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மெல்பேர்னில், டண்டினொங் பக்கம் உள்ள ஒரு கரவன் விற்பனை நிலையத்துக்கு நானும் கணவரும் போயிருந்தோம்.

கரவன் என்பது காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கணவர் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, அந்த ஜனவரியில்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, மன்னாரில் தங்கைமாரின் கலியாணம் என்று உழைத்தவர். தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான். கரவனை இழுத்துக்கொண்டு கடலோரமாகவே மேற்குக் கரையில் இருக்கும் பேர்த் வரை போகவேண்டும் என்பார். எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் நிரப்புவது என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் பாடமாகிவிட்டது.

விலை பேசுவது எங்கள் வீட்டில் என் வேலை. தெரிந்தவர்கள் வீட்டில் கலியாணம் என்றால் கூறைச்சேலை எடுக்கவும் நகை எடுக்கவும் என்னையும் கூட்டிப்போவார்கள். பிடித்த பொருளாகப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே போகவேண்டும். அதுதான் என் முறை. காரை நிறுத்தும்போதே கணவரை எச்சரித்தேன்.

"இஞ்ச பாருங்கோ, உள்ளுக்க போய் வாய் திறக்கக் கூடாது. பல்லைக் காட்டினியளெண்டால் ஒரு சதமும் குறைக்க மாட்டாங்கள்."

"ஓம் மேடம்," என்று சிரித்தார்.

வாய் திறக்கவில்லைதான். ஆனால் வண்டிக்குள் ஏறியதும் ஒவ்வொரு லாச்சியாக இழுத்துத் திறந்து மூடினார். கட்டிலில் உட்கார்ந்து யன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியே தெரிந்தது வாகனத் தரிப்பிடம்தான். அவருக்கு அதில் கடல் தெரிந்திருக்க வேண்டும்.

மேசைக்கு வந்து நான் தொடங்கினேன். கதவு ஒடுக்கம், கட்டில் உயரம், நிறம் அழுக்குப் பிடிக்கும் என்றேன். பதிவு, விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்த விலையைக் கேட்டேன். இதே வண்டி கேம்பல்ஃபீல்டில் உள்ள இன்னொரு கடையில் என்ன விலை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் விற்பனையாளர் அதிகம் இழுபறிப்படாமல் அந்த விலைக்கு இறங்கி வந்தார். நியாயமான விலை. அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

இறங்கியவர் இன்னும் இறங்குவார் என்று எனக்குப் பட்டது. ஆனால் வண்டியில் சொல்வதற்குக் குறை தீர்ந்துபோயிருந்தது. அதனால் கணவரில் தொடங்கினேன். இவருக்கு வயது போய்விட்டது, கண்ணில் ஒப்பரேசன் செய்தவர், இருட்டினால் ஓட்டமாட்டார் என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். "ஒருமுறை போய்வந்தால் பெரிய காரியம். பிறகு இது எங்கள் வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கும், உங்களிடமே பாதி விலைக்குக் கொண்டுவருவோம்" என்று சொல்லிச் சிரித்தேன்.

விற்பனையாளர் சிரிக்கவில்லை. கணவரை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து இன்னும் குறைத்தார். பக்கவாட்டில் விரிக்கும் கூடாரத்துணியையும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நான் மேசைக்கடியில் கணவரின் காலைத் தட்டினேன். 'ஓம் சொல்லுங்கோ' என்று அர்த்தம்.

கணவர் எழுந்து அவருக்குக் கைகொடுத்து, யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அட, மனுசன் என்னையும் மிஞ்சிவிட்டாரே என்று எனக்குப் பெருமை. காரில் ஏறியதும், "நல்லா நடிச்சியள். திங்கட்கிழமை அவனே ஃபோனில கோல் எடுப்பான், பாருங்கோ," என்றேன்.

"நான் நடிக்கேல்லையப்பா."

"பிறகு?"

"நீர் சொன்னது சரிதானே. இந்த வயதில எனக்கென்னத்துக்கு உது?"

"ஐயோ, அது விலைக்காகச் சொன்னது!"

"விலைக்காகத்தான். ஆனா மனசில இல்லாதது அவ்வளவு கெதியா வாயில வராது."

அவர் கோபப்படவில்லை. பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை அழைப்பு வந்தது. கணவர் நன்றி சொல்லி, வேண்டாம் என்றார். பிறகு எத்தனையோ தரம் நானே கேட்டுப் பார்த்தேன். முதலில் சொன்ன முழு விலைக்கே எடுப்போம் என்றேன். மகள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். "பார்ப்பம்" என்பார். பேர்த் பற்றி அதன்பிறகு அவராக ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் விலை பேசுவதை விட்டுவிடவில்லை. போன மாதம்கூட ஒரு கூறைக்குப் போய்வந்தேன். ஆனால் குறை சொல்லத் தொடங்கும்போது இப்போது கடைக்காரரைப் பார்ப்பதில்லை. என்னோடு வந்தவரைத்தான் பார்க்கிறேன், ஏனென்றால் அன்று அந்த மேசையில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உண்மையென்றே கேட்டுக்கொண்டிருந்தவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.