முகூர்த்தத்துக்கு லைன் கேட்டு ரங்கூனில் ஒரு காலை

அக்கா மகளுக்கு மலேசியாவில், ஈப்போவில் கல்யாணம். பர்மாவில் இருக்கும் அக்காவுக்குப் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. "பெத்தவ நான் தனியா உக்காந்து போன்லயா பாக்கணும்? வந்து தொலைடா" என்றாள். அதனால்தான் போன மாதம் சென்னையிலிருந்து பாங்காக் வழியாக யாங்கோன் போனேன். அங்கே பிறந்த எனக்கு அது இன்னும் ரங்கூன்தான்.

விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் கியாக்டடா பதினாறு கிலோமீட்டர். டாக்சிக்கு இருபத்தைந்தாயிரம் கியாட். "உங்க பர்மாப் பேச்சுக்கு எங்கப்பா வயசு, ஊலே" என்று சிரித்தார் டிரைவர். ஊலே என்றால் சித்தப்பா. அண்ணன் என்றிருந்தால் ஆயிரம் கூடக் கொடுத்திருப்பேன்.

அக்காவின் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஒயர் இறக்கி, மூன்று வீட்டுக்கு ஒரே இணைய லைன். கீழ்வீட்டு கோ மின் தினமும் காலையில் அதில் நேரலை போட்டு லுங்கி விற்கிறார். முன்பெல்லாம் தெருமுனை மேசையில் ஒரே போன் இருக்கும், பெரிய வரிசை நிற்கும். சாவு, கல்யாணம் என்றால் யாரும் கேட்காமலே முன்னால் விடுவார்கள். இந்த ரௌட்டர் பெட்டியிலும் அப்படி விட முடியாதா என்று கோ மின்னிடம் கேட்டேன்.

"முடியும். அக்கா போனுக்கு முதல் இடம், என் லுங்கிக்குக் கடைசி இடம்" என்று ரௌட்டரில் மாற்றிவைத்தார்.

"உன் லுங்கி எப்பவும் கடைசிதானேடா!" என்றாள் அக்கா.

ரங்கூன் நேரப்படி எட்டு மணிக்கு முகூர்த்தம். முறைவைத்துக் கரண்ட் விடும் ஊரில் அது கரண்ட் இருக்கும் நேரம் என்று நிம்மதியாக உட்கார்ந்தோம். போன் திரையில் மணப்பெண் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றாள். கோ மின் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்குள்ள நாமதான் முதல். வெளியே எல்லாரும் கரண்ட் இருக்கப்பவே நெட் பாத்துக்கறாங்க, நாட்டு லைனே நெரிசல்." அக்கா தாம்பாளத்து அட்சதையைக் கையில் இறுக்கிக்கொண்டு போனையே பார்த்தாள்.

அப்போது பார்த்து, சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் போனது. "போச்சு!" என்று கத்தினேன். ரௌட்டர் மட்டும் பாட்டரியில் ஓடியது. அக்கம்பக்கமெல்லாம் அணைந்ததும் நெரிசல் குறைந்து படம் ஓடத் தொடங்கியது. மேளச் சத்தம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து தாலியை எடுத்தான்.

அக்கா அட்சதையை வீசினாள். பாதி போன்மேல், பாதி என் வழுக்கைமேல்.

நீங்கள் போனால் ரௌட்டருக்குப் பாட்டரி உள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள். முக்கியமான பேச்சென்றால் கரண்ட் போகும்வரை காத்திருங்கள். லைனைப் பகிரும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோ மின் அன்று லுங்கி விற்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.