மென்று கொடுக்கக் கூடாது

எனக்கு எச்சில் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் கடித்த பழத்தைத் தொட மாட்டேன். உணவங்காடியில் மேசை துடைக்கிற ஈரத் துணி கண்ணில் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவன் பொறுப்பில் பத்து மாதக் குழந்தையையும் ஒரு கிண்ணம் அவித்த பூசணிக்காயையும் விட்டுவிட்டு என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். நான் சம்பளமில்லா விடுப்பில் வீட்டோடு இருந்தேன்.

அதுவரை மகளுக்குக் கூழ்தான். கரண்டியால் ஒரு வாய், டிஷ்யூவால் ஒரு துடைப்பு என்று சுத்தமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவளுக்கு விழுங்கத்தான் தெரிந்தது, மெல்லத் தெரியவில்லை. கூழில் ஒரு பருக்கை தப்பி வந்தாலும் ஓங்கரித்துத் துப்பிவிடுவாள். என் விடுப்பு முடிந்ததும் அவள் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே அந்த வயதுப் பிள்ளைகள் கையில் எடுத்துத்தான் சாப்பிடும். ஒவ்வொருவருக்கும் அரைத்து ஊட்ட ஆள் கிடையாது. மெல்லப் பழகாமல் போனால் என் பிள்ளை அங்கே பட்டினி கிடக்கும்.

தடுப்பூசிக்குப் போன பலதுறை மருந்தகத்தில் தாதி என்னை உட்கார வைத்துப் பாடமே எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்குகிற பதத்தில் வேகவைக்க வேண்டும். பிடிக்கத் தோதாக விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். உருண்டையாக எதுவும் ஆகாது, திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும், கடலை வகையறா கிட்டவே வரக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை இருமினாலும் ஓங்கரித்தாலும் பதறாதே, சத்தம் வருகிறது என்றால் காற்று போகிறது என்று அர்த்தம், தானாகவே வெளியே தள்ளிவிடும் என்றார். சத்தமே வராமல் விழித்தால்தான் ஆபத்தாம். அப்போது எப்படிக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டுவது என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டினார். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது உள்ளே தள்ளிவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

சொன்னதெல்லாம் சரி. அது எவ்வளவு அசிங்கமான காரியம் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

பூசணித் துண்டைக் கையில் கொடுத்தால் அதை முதலில் நசுக்குவாள். விரல் இடுக்கு வழியாக மஞ்சளாகப் பிதுங்கும். அந்தக் கையால் காதைக் குடைவாள், தலையில் தேய்ப்பாள், பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவாள். வாய்க்குள் போனது எச்சிலோடு நூலாக இழுத்துக்கொண்டு திரும்பி வரும். இட்லி கொடுத்தால் இன்னும் மோசம். ஊறின இட்லி நாற்காலி இடுக்கெல்லாம் புகுந்து, சாயங்காலத்துக்குள் புளித்த வாடை வரும். கழுத்தில் கட்டுகிற ரப்பர்த் துணியின் பையில் விழுந்து கிடப்பதை நான்தான் கையால் வழித்து எடுக்க வேண்டும். முந்தின நாள் கொடுத்த கேரட் மறுநாள் டயப்பரில் கொடுத்தபடியே இருக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அவள் ஓங்கரித்தால் எனக்கும் ஓங்கரிக்கும். முகம் சிவந்து நாக்கை நீட்டி அவள் 'ஊ' என்பாள், எதிரே உட்கார்ந்து நானும் 'ஊ' என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படியே நாட்கள் போயின. நசுக்குவதிலும் துப்புவதிலும் மகள் தேறினாள். மெல்வதில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை தீவின் வடகோடியில் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து என் அக்கா வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கியவள். குழந்தை கேரட்டோடு போராடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தான் வாங்கி வந்த முறுக்கை எடுத்துக் கடித்து, நன்றாக மென்று, வாயிலிருந்து இரண்டு விரலால் எடுத்தாள். பளபளவென்று பழுப்பு நிறத்தில் ஒரு உருண்டை. நான் எழுந்திருப்பதற்குள் அது என் மகளின் வாய்க்குள் போய்விட்டது. மகள் அதை அப்படியே விழுங்கிவிட்டு இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள்.

"என்ன பண்றே நீ? எச்சில்க்கா அது" என்றேன்.

"என் ரெண்டு பசங்களும் இப்படித்தான் சாப்பிட்டானுங்க. நல்லாத்தானே இருக்கானுங்க."

"உன் பசங்களுக்கு என்னமோ பண்ணிட்டுப் போ. என் பிள்ளைக்கு மென்னு குடுக்காதே. பார்க்கவே கொமட்டுது."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்கே நான்தான்டா மென்னு குடுத்தேன். அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. என் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே."

நான் குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்தேன். எத்தனையோ வருடம் கழித்துக் கொப்பளித்து என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை, ஆனாலும் கொப்பளித்தேன். வெளியே வந்தபோது அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. என் மனைவிதான் போனில் பேசிச் சமாதானம் செய்து, வெள்ளிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு அக்காவோடு தேக்கா பக்கத்துக் கோயிலுக்குப் போய்வரச் சொன்னாள். ரயிலில் ஏறியதுமே அக்கா முந்திக்கொண்டாள். "இனிமே மென்னு குடுக்க மாட்டேன் லா. நீயும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே."

பூசை முடிந்து காகிதக் கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தார்கள். கூட்டத்தை விட்டு ஒதுங்கி மண்டபத் தூணருகே உட்கார்ந்தோம். குழந்தை அக்கா மடியில் இருந்தாள். என் சட்டையில் அவள் வடித்திருந்த எச்சிலைக் கழுவ நான் குழாயடிக்குப் போனேன். தண்ணீரைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரிகிற சத்தம்.

ஓடி வந்தேன். மகள் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, நாக்கை வெளியே தள்ளி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல் அவள் வாய்க்குள் போகப் போனது. நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, சிக்கிக்கிச்சு."

"இருமுறா பாரு. சத்தம் வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் வாய்க்குள்ள விரல விடாதேக்கா."

பக்கத்திலிருந்த பெண்கள் தலைகீழாகப் பிடி என்றார்கள், தண்ணீர் கொடு என்றார்கள். நான் மகளை வாங்கி நிமிர்த்திப் பிடித்து, அந்த அருவருப்பான சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மறுபடி ஓங்கரித்தாள், இருமினாள், என் உள்ளங்கையில் கோழையோடு வந்து விழுந்தது. முழுசாக ஒரு கொண்டைக்கடலை. பிறகு வீறிட்டு அழுதாள்.

"எதுக்கு இதைக் குடுத்தே?"

"நீதானே மென்னு குடுக்காதேன்னே" என்றாள் அக்கா. "அதான் அப்படியே குடுத்தேன்." குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கடலை இன்னும் என் கையில் இருந்தது. வெதுவெதுப்பாக, வழவழவென்று. டிஷ்யூ எல்லாம் வெளியே குழந்தையின் தள்ளுவண்டிப் பையில் இருந்தது. கீழே போடலாம் என்று குனிந்தேன். "பிரசாதம் தம்பி, கால்ல மிதிபடும்" என்றார் ஒரு பெண். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்படியே விழுங்கிவிடத்தான் நினைத்தேன். தொண்டை மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மென்றேன். உப்பு, பால் வாடை, கோழை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் மென்றேன்.

கண்ணைத் திறந்தபோது மகளின் அழுகை நின்றிருந்தது. என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே நான் எதையும் தின்றதே இல்லை. அந்தக் கண்றாவிக்கு முன்னால் எனக்குச் சோறு இறங்காது என்று, அவள் தூங்கிய பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். சாப்பாடு என்றால் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். இப்போது அவளுடைய கீழ்த்தாடை இறங்கியது, ஏறியது. வாயில் ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் மென்றாள்.

நான் விழுங்கினேன். அவளும் நிறுத்திவிட்டாள்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "தின்னுடா" என்றாள். "அவ பார்க்கிற மாதிரி தின்னு."